நொச்சிப்புதூர் நால்வரும் ரெண்டு பேர் காரும்

நூல் மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். நான் சொல்வது பொய் என்று நினைக்கிறவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். மற்றவர்கள் பெஞ்சில் நகர்ந்து உட்காருங்கள்.

நொச்சிப்புதூரிலிருந்து நாலு பேர் இந்த மில்லுக்கு வேலைக்கு வருகிறார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர். வேலப்பன் அவருடைய தம்பி. பொங்கியண்ணன் அவர் சம்சாரத்தின் தம்பி. நாலாவது ஆள் பக்கத்து வீட்டு அப்புக்குட்டி. அவன் பெரிய மூளைக்காரன் என்று மற்ற மூன்று பேரும் சொல்வார்கள், அவனும் மறுத்ததில்லை. தங்கமான மனுசங்க. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். வம்பே அங்கேதான்.

ஊருக்கும் மில்லுக்கும் எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் இருக்கிறது. அதில் ‘பின்னால் ஏறவும், முன்னால் இறங்கவும்’ என்று எழுதியிருக்கும். நாலு பேரும் பின்னால் ஏறி, நேரே நடந்து, முன்னால் இறங்கி, போகிற பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். தினமும் லேட்.

மேனேஜர் தண்டபாணி ஒரு நாள் கொதித்துப் போனார்.

“திங்கக்கிழமையிலிருந்து நாலு பேரும் ஒண்ணா, எட்டு மணிக்கு, இந்தக் கேட்டுல வந்து நிக்கணும். ஒருத்தன் கொறஞ்சாலும் நாலு பேருக்கும் வேலை இல்ல. வேகமா வர்றதுக்கு வழியப் பாருங்க!”

வேகத்துக்கு வழி விசாரித்தார்கள். உலகத்திலேயே வேகமாகப் போவது இத்தாலிக்காரன் கார்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சத்தியமாக நான் இல்லை. கோயம்புத்தூரில் ஒருத்தர் வெளிநாடு போகிற அவசரத்தில் தன் பழைய சிவப்புக் காரை விற்றுக்கொண்டிருந்தார். இவர்கள் இருந்த ஒரே தென்னந்தோப்பை விற்று அதை வாங்கினார்கள். இனி மில் வேலையும் போனால் நாலு வீட்டிலும் அடுப்பு எரியாது.

விற்றவருக்கே மனசு கேட்கவில்லை. “ஏனுங்ணா, இது ஆசைக்கு வச்சுக்கற வண்டி. தினமும் வேலைக்குப் போறதுக்கா வாங்கறீங்க?” என்றார்.

“தினமும் வேலைக்குப் போனாத்தானுங்க வேலை இருக்கும்” என்றார் நாச்சிமுத்து.

“சரிங்ணா, அப்ப மூணே மூணு விசயம். ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாது. காலையில இன்ஜின் சூடானப்புறந்தான் எடுக்கணும். ஒரு நாள் விடாம வெளிய கொண்டு போகணும், நிறுத்தி வச்சா படுத்துக்கும்.”

திங்கட்கிழமை விடிகாலையில் வேலப்பன் காரைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. பதறிப்போய்த் தன் கம்பளியை எடுத்துப் போர்த்தினான். முன்னால் சுக்குக் காப்பி வைத்தான். கார் குடிக்கவில்லை. வெயில் ஏறி ஒன்பது மணிக்குத்தான் தகரம் கையைச் சுட்டது.

“சூடாயிருச்சு, ஏறுங்க!” என்றார் நாச்சிமுத்து. அப்போதுதான் இருப்பது நாலு பேர் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

“நானும் நீயும் மொதல்ல போவோம் மச்சான்,” என்றான் பொங்கியண்ணன். “என்னைய எறக்கி உட்டுட்டு வந்து இவங்கள ஒவ்வொருத்தராக் கூட்டிட்டுப் போ.”

“அது எப்படி? நீ ஒருத்தனா கேட்டுல நிப்பே. மேனேஜர் பார்த்தா மூணு பேரு கொறையுது. வேலை போயிரும்.”

“அப்ப நான் எறங்கலை.”

“எறங்கவே எறங்காதே.”

அன்றைக்கு முழுக்க என் கடையிலிருந்து பார்த்தேன். சிவப்புக் கார் சீறிக்கொண்டு வரும். உள்ளே ரெண்டு முகம். கேட்டைப் பார்க்கும், திரும்பிப் போகும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முகத்தோடு வரும், போகும். சாயங்காலத்துக்குள் ஒன்பது தடவை வந்தது. ஒருத்தரும் இறங்கவில்லை.

கடைசித் தடவை மேனேஜர் குறுக்கே வந்து நின்றுவிட்டார். “நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். எட்டு மணிக்கு நாலு பேரும் இல்லேன்னா, அப்படியே வீட்டோட இருந்துக்கங்க!”

நாச்சிமுத்து என் கடைக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “தோப்பும் போச்சு, வேலையும் போகப் போகுதுங்க. வீட்டுல போய் எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்லுவேன்?” என்று அழுதேவிட்டார். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. நல்ல டீயாகப் போட்டுக் கொடுத்தேன். காருக்குள் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன் தலையை நீட்டினான்.

“மச்சான், ரெண்டு பேரு உள்ள உக்காரட்டும். ரெண்டு பேரு கூடவே நடக்கட்டும். ஒண்ணாத்தானே போவோம்?”

“வண்டி உட்டுட்டு ஓடிருமேடா?”

“இன்ஜினப் போட்டாத்தானே ஓடும்? தள்ளிட்டுப் போவோம்.”

“ரெண்டு பேரு தள்ளி எட்டு கிலோமீட்டர் நகருமா?”

“அப்ப நாலு பேரும் எறங்கித் தள்ளுவோம். ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னுதானே சொன்னாரு? ஏறணும்னு சொல்லலையே.”

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் டீ வடிகட்டி கையை விட்டு நழுவியது.

மறுநாள் கோழி கூவும்போதே கிளம்பிவிட்டார்கள். இன்ஜினைப் போடாததால் சூடாக்குகிற வேலையும் இல்லை. நாச்சிமுத்து ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேர் பின்னால் தள்ள, எட்டடிக்கப் பத்து நிமிசம் இருக்கும்போது நாலு பேரும் ஒன்றாக வந்து கேட்டில் நின்றார்கள். மேனேஜர் வாட்சைப் பார்த்தார், காரைப் பார்த்தார், உள்ளே விட்டார்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். “இத்தாலி வண்டின்னா இத்தாலி வண்டிதானுங்க. ஒரு நாள் லேட் இல்ல. பெட்ரோலும் குடிக்கறதில்ல,” என்று நாச்சிமுத்து பூரித்துப் போனார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏனுங்க, இத்தன தூரம் தள்றதுக்கு, கார வீட்டுல உட்டுட்டு அதே நேரத்துக்குக் கெளம்பி வெறுங்கையோட நடந்து வரலாமில்ல?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நடந்து வந்தப்பத்தானுங்க தினமும் லேட்டு.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

“இன்னிக்கு மில்லு லீவுங்ணா” என்றிருக்கிறான் வேலப்பன்.

“மில்லுக்குத்தானே லீவு? வண்டி ஒரு நாள் நின்னா படுத்துக்கும்னாரே. அது படுத்துட்டா நாளைக்கு எதைத் தள்ளிட்டு வேலைக்குப் போறது?”

நியாயம்தானே. காலையில் கடையைத் திறக்கிறேன், நாலு பேரும் வேர்த்து விறுவிறுக்கக் காரோடு கேட்டில் நிற்கிறார்கள். மில் வளாகத்திலேயே குடியிருக்கும் மேனேஜர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

“ஏன்டா, இன்னிக்கு எதுக்குடா வந்தீங்க?”

நாச்சிமுத்து பதறிப்போய்க் கும்பிட்டார். “லேட்டுங்களா சார்?”

“என்ன லேட்டு? வேலை நாளைக்குத்தான்டா!”

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புக்குட்டி விரலை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான்.

“வேலை நாளைக்கு. நாம வந்தது இன்னிக்கு. அண்ணா, ஒரு நாள் முன்னாடியே வந்துட்டமுங்கோ!”

நாச்சிமுத்து துண்டால் காரின் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு மற்ற மூன்று பேரையும் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்.

“நாளையிலிருந்து கொஞ்சம் மெதுவாத் தள்ளுங்கடா.”