விருந்துக்கு வந்த கறையான்கள்

முன்னொரு காலத்தில், அதிகம் பேசாத அரசன் ஒருவன் இருந்தான். முதல் மழை பெய்த மறுநாள், கறையான் அரித்த சுவடி ஒன்றைக் கையில் வைத்தபடி சபைக்கு வந்தான். பிறகு கேட்டான்:

"என் அரண்மனைக்கு அடியில் எத்தனை வகைக் கறையான் வாழ்கிறது?"

விகடகவி மருதக்கூத்தன்மேல் பொறாமை கொண்ட அமைச்சர் விடங்கர் எழுந்தார். "கூத்தன் சொல்வான், மன்னா. ஆனால் அரண்மனை மண்ணைத் தோண்டக் கூடாது, அபசகுனம். கறையான்களே சபைக்கு வந்து தம் குலத்தைக் காட்டட்டும். பத்து நாளில் முடியாவிட்டால் இவன் நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசன் தலையசைத்தான்.

"அழைக்கிறேன், அரசே. விருந்து வைக்காமல் அழைத்தால் யார் வருவார்?" என்றான் கூத்தன்.

முற்றத்தில் மூன்று இடங்களில் நனைத்த மாம்பலகைகளைக் கிடத்தி, ஈர வைக்கோலால் மூடினான். தினமும் அருகில் சும்மா உட்கார்ந்திருந்தான். பத்தாம் நாள் மூன்று பலகைகளும் மண் பூசிக்கொண்டு சபைக்கு வந்தன.

விடங்கர் சிரித்தார். "எல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சி! ஒன்றையே மூன்றாகக் காட்டுகிறாயா, ஓய்?"

"உழைப்பவர்கள் எங்கும் ஒரே மாதிரிதான், ஐயா. கூட்டைக் காக்கும் காவலரைப் பாருங்கள்."

கூத்தன் மெல்ல ஊதினான். முதல் பலகையில் அரிவாள் போன்ற தாடைகள் எழுந்தன. இரண்டாவதில் காவலரின் தலையில் பால் துளிர்த்தது. மூன்றாவதில் பொடிக் காவலர்கள் தலையால் பலகையைத் தட்டி எச்சரித்தார்கள். அரசன் குனிந்தான், நிமிர மறந்தான்.

"என் காலடியில் மூன்று படைகள்!"

விடங்கர் தன் மர ஆசனத்தில் இருந்தபடியே ஒரு சம்புடத்தைத் திறந்தார். உள்ளே ஈசல்கள். "நான்காவது வகையை மறந்துவிட்டான்! இன்று காலை என் ஆசனத்தின் கீழே பிடித்தேன்."

 அரசனின் முகம் இறுகியது. கூத்தன் ஓர் ஈசலை முதல் பலகையில் விட்டான், காவலர் கடித்தார்கள். மற்றொன்றை இரண்டாவதில் விட்டான், பால் பீச்சினார்கள். மூன்றாவதிலோ மீசையால் தடவி வழிவிட்டார்கள். ஈசல் இறக்கையை உதிர்த்துவிட்டு உள்ளே போனது.

"வேறு குலமில்லை, அரசே. மூன்றாம் வீட்டில் இறக்கை முளைத்த பிள்ளை. அமைச்சரே, மெதுவாக எழுந்திருங்கள்."

"நான் ஏன் எழ வேண்டும்?"

"பிள்ளைகள் உங்கள் ஆசனத்தின் கீழே பிறந்திருக்கிறார்கள். வீடு வேறு எங்கே இருக்கும்?"

கோபத்தில் விடங்கர் ஆசனத்தின் கையை ஓங்கிக் குத்தினார். நான்கு கால்களும் மாவாய் உதிர்ந்தன. செம்மண் தூளுக்கு நடுவே அமைச்சர் தரையில் இருந்தார்.

அரசன் சிரித்தான். அவன் சிரித்து சபை பார்த்ததே இல்லை. தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்கு அணிவித்தான்.

"முற்றத்து விருந்து என்றும் நடக்கட்டும், கறையான்கள் சுவடிப் பக்கம் வர வேண்டாம். அமைச்சருக்கு மட்டும் இனி கல் ஆசனம் போடுங்கள்!"