குதிரை வாய்ப்பேச்சை விட்ட கதை

விலங்குகளும் நம்மைப் போல வாயாடித் திரிந்த அந்தக் காலத்தில், கடலோரத்தில் இருளாயி என்ற உப்புக்காரி இருந்தாள். மழைக்காலம் நெருங்கும் நேரம் பார்த்து அவளுடைய ஒரே கழுதை செத்துப்போனது. குவித்த உப்பை மழைக்கு முன் ஊருக்குள் கொண்டுபோய் விற்காவிட்டால், வருஷம் முழுக்க அவள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

பக்கத்துக் காட்டில் ஆள் கை படாத இளம் பெட்டைக்குதிரை ஒன்று மேய்ந்தது. இருளாயி குதிரையைத் தொட்டதே இல்லை. ‘கால் நீண்ட கழுதைதானே இது’ என்று பின்னால் போய்த் தட்டினாள். விட்டது பாருங்கள் ஓர் உதை! நல்லவேளை, சேற்றில் விழுந்தாள்.

“பின்னால் வந்தால் நீ யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றது குதிரை.

நியாயம்தானே! மறுநாள் அது பார்க்கும்படி பக்கவாட்டில் வந்து, எட்ட உட்கார்ந்தாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே. அது விலகினால் இவளும் விலகினாள். ஐந்தாம் நாள் அதன் கழுத்தில் கை வைத்தாள். தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. இருளாயிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. “என் உப்பைச் சுமந்து வருவாயா?” என்று கேட்டாள்.

“இன்னும் நாலு நாள் பழகு அக்கா. அப்புறம் சுமக்கிறேன்” என்றது குதிரை.

மறுநாளே மேகம் திரண்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனாள்.

“கையில் என்ன அக்கா?”

“ஒன்றுமில்லையடி தங்கம்.”

சொன்ன வாய் மூடுமுன் சுருக்கை வீசினாள். குதிரை மிரண்டு ஓடியது. கயிறு முள்மரத்தில் மாட்டிக்கொள்ள, சுருக்கு கழுத்தை இறுக்கியது. விழி பிதுங்க நின்றது.

தூறல் விழுந்தது. இப்போது உப்பு மூட்டையை ஏற்றினால் அதனால் ஓட முடியாது, உப்பும் தப்பும். இருளாயி கரையில் குவிந்து கிடந்த உப்பைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள். “பாவி, நானா இதைச் செய்தேன்!” என்று அழுதுகொண்டே முள்ளுக்குள் கையை விட்டு, ரத்தம் வழிய வழியச் சுருக்கை அவிழ்த்தாள். அதற்குள் பாதி உப்பு கரைந்து ஓடிவிட்டது.

குதிரை ஓடவில்லை. அவள் உள்ளங்கையை முகர்ந்தது.

“கட்டின கயிற்று வாசமும் இதில் இருக்கிறது, அவிழ்த்த ரத்தமும் இருக்கிறது. வாய்தான் ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்கிறது. இனி உங்களோடு எனக்கு வாய்ப்பேச்சு கிடையாது” என்றது.

மிச்ச உப்பைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தது. வழியெல்லாம் இருளாயி மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அது ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான் யார் பக்கத்தில் போய் என்ன சொன்னாலும், குதிரை பதில் சொல்லாமல் முதலில் அவர்கள் கையை முகர்ந்து பார்க்கிறது.