மேலே போன குண்டுக்கு வரி

குழந்தைசாமியைப் பொய்யர் என்று சொன்னால் அது அபாண்டம். அவர் பொய் சொல்வதில்லை. நடந்ததற்குக் கொஞ்சம் எரு வைப்பார், தண்ணீர் பாய்ச்சுவார், அது பாட்டுக்கு வளர்ந்துவிடும். அதற்கு அவர் என்ன செய்வார்?

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த வருஷமும் ஊத்துப்பள்ளம் ஸ்டேஷனில் காட்டோரத்து விவசாயிகள் ஏழெட்டுப் பேர், சாக்கில் சுற்றிய துப்பாக்கிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் தமயந்தி உள்ளறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த குழந்தைசாமிக்கு அவலைப் போட்டது அவர் மச்சினன் நாச்சிமுத்து. குழந்தைசாமி சொல்லும் எதையும் நம்புவதில்லை என்று கல்யாணத்தன்றே விரதம் எடுத்த ஆள் அவர்.

"இது மைசூர்ல வாங்கினதாச்சே மச்சான். வெளி ஸ்டேட் சாமானுக்கு அப்பல்லாம் செக்போஸ்ட்டுல வரி தீட்டுவாங்களே, எவ்வளவு கட்டுனீங்க?"

"வரியா? நானா?" குழந்தைசாமி பெஞ்சில் சம்மணம் போட்டுக்கொண்டார். "கடைக்காரன் கேட்டான், 'வரி சேத்திப் போடட்டுங்களா'ன்னு. 'என்ற நெழலுக்கே நான் வரி கட்டுனதில்லை, துப்பாக்கிக்கா கட்டுவேன்'னு ஒரு மொற மொறைச்சேன். பாவம், எழுதுன பில்லைச் சுருட்டி வாயில போட்டு முழுங்கிட்டான்."

பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பஸ்ஸு மேல படுக்கப் போட்டுக் கொண்டாந்தேன். இங்க வந்தா, குழல் நம்ம செக்போஸ்ட்டுக்குள்ள பூந்துருச்சு, கட்டை இன்னும் அந்த ஸ்டேட்டுலயே நிக்குது. அவ்வளவு நீளம்!"

"கையில இருக்கறது நாலடிகூட வராது போலிருக்குதே?" என்றார் நாச்சிமுத்து.

"அது அப்ப புதுசு மாப்ளே. சுட்டுச் சுட்டுத் தேஞ்சு போச்சு."

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். காக்கிச் சட்டையே காது கொடுக்கிறது என்றதும் குழந்தைசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம ஆபீசரு 'குழல் எங்க எல்லையில இருக்குது, வரி எனக்கு'ங்கறாரு. அந்தப் பக்கத்து ஆபீசரு 'கட்டை எங்குளுது'ங்கறாரு. டேப்பு புடிச்சு அளந்து பாத்தா, விசை மட்டும் நட்ட நடுவால, எந்த ஸ்டேட்டுக்கும் சொந்தமில்லாத எடத்துல இருக்குது! விசையில்லாட்டி அது துப்பாக்கியே இல்லீங்களே, வெறும் இரும்புக் குழாயி. குழாய்க்கு வேற வரி. பஞ்சாயத்து முடியறவரைக்கும் லாரியெல்லாம் ஒட்டுக்கா நின்னுபோச்சு. லாரிக்காரனுங்க என்ற குழல்மேலதான் வேட்டி காயப்போட்டானுங்க."

"அப்புறம்?" என்றார் கான்ஸ்டபிள்.

"பெரிய ஆபீசரு வந்தாரு. 'மொதல்ல இது துப்பாக்கின்னு நிரூபி'ன்னாரு. ஒரு தோட்டாவைப் போட்டு வானத்தைப் பாத்து அமுத்துனேன். குண்டு மேல போச்சு. எல்லாரும் அண்ணாந்து நின்னோம். வருலை. பொழுது எறங்கிருச்சு, குண்டு எறங்குலை. ஆபீசரு சுளுக்குன கழுத்தைப் புடிச்சுட்டே, 'சாமானு முழுசா இருந்தாத்தான் வரி போட முடியும். குண்டு வந்ததும் வந்து கட்டு'ன்னு போயிட்டாரு. இந்த நிமிசம் வரைக்கும் அது எறங்குலை. நானும் ஒத்தப் பைசா கட்டுலை!"

"ஒத்தப் பைசா கட்டலைங்களா?"

உள்ளறை வாசலில் தமயந்தி நின்றிருந்தார். பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது.

"வரி கட்டாம கொண்டுவந்த சரக்குன்னா, தேர்தல் முடிஞ்சாலும் துப்பாக்கி உங்க கைக்கு வராதுங்க. வரி ஆபீசுக்கு எழுதணும். அவங்க பதில் போடறவரைக்கும் இங்கயேதான் கெடக்கும். சொல்லுங்க, கட்டுனீங்களா இல்லையா?"

குழந்தைசாமி சாக்கில் சுற்றிய துப்பாக்கியைப் பார்த்தார். தேர்தல் முடிகிற நேரத்தில் மக்காச்சோளம் பால் பிடித்து நிற்கும். பொழுது சாய ஒரு வெற்றுவெடி போட்டால்தான் பன்றிகள் காட்டுப் பக்கம் திரும்பும். துப்பாக்கி இல்லையென்றால் ஒரு கதிர் மிஞ்சாது.

ஆனால் பக்கத்தில் நாச்சிமுத்து நின்றாரே! நடந்தது என்னவென்றால், அன்றைக்குச் செக்போஸ்ட்டில் ஆபீசர் சும்மா ஒரு தும்மல் போட்டதற்கே குழந்தைசாமி வரிப் பணத்தை நீட்டிவிட்டார். "பத்துமுங்களா, இன்னும் வேணுமுங்களா" என்று வேறு கேட்டார். அந்த ரசீதை லேமினேஷன் பண்ணி, துப்பாக்கி வெளியே கிளம்பும்போதெல்லாம் அண்ட்ராயர் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார். இப்போதும் அது அங்கேதான் இருந்தது. மானமா, மக்காச்சோளமா?

சுவர்ப் பக்கம் திரும்பி, வேட்டியை விலக்கி, அதை எடுத்து நீட்டினார். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன.

"லேமினேசன் வேறயா!" நாச்சிமுத்து சிரித்த சிரிப்பில் பெஞ்சின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கான்ஸ்டபிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தைசாமி விடுவாரா? "அது துப்பாக்கிக்குக் கட்டுன வரிங்க, அம்மிணி. குண்டுக்கு இன்னும் கட்டுலை. அது மேலதான் இருக்குது."

துப்பாக்கி நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தமயந்தி தலையைத் தூக்கவில்லை. "அது எறங்கிருச்சுங்க."

"எங்கீங்க?"

"போன ஐப்பசியில. இதா, இங்கதான்." பேனாவால் கூரையைக் காட்டினார். ஓடு ஒன்று உடைந்து, ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. "மழை பேஞ்சா கேஸ் கட்டெல்லாம் நனையுது. யாரு குண்டுன்னு தெரியாம இருந்துச்சு, நல்லவேளை நீங்களே ஒத்துக்கிட்டீங்க. புது ஓடு ஒண்ணு வாங்கி மாத்திக் கொடுத்துட்டுப் போயிருங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். வேறு ஆளாக இருந்தால் அதோடு வாயைக் கட்டியிருப்பார். குழந்தைசாமியோ அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"பாத்தியா மாப்ளே! நான் சொன்னப்ப நம்புனியா?" என்று கூவிவிட்டு, நேரே கூரை ஓடு விற்கும் கடைக்கு நடையைக் கட்டினார்.

கடைக்காரர் ஓடு ஒன்றை எடுத்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பில்லு இல்லாம வாங்கிக்குங்க, வரி மிச்சம்."

"வரியோடயே போடுங்க," என்றார் குழந்தைசாமி. "குண்டுக்கு வரி கட்டுன பில்லைக் காட்டுலீன்னா அந்த நாச்சிமுத்து நம்ப மாட்டான்."