பஞ்சுவின் மார்புப் படம்

பாளையங்கோட்டையில் நாய் பூனைகளுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் சிறிய மருத்துவமனை அது. குருவான டாக்டர் பெனாசிருக்கு வயது முப்பத்தாறு. சீடர் தங்கவேலாயுதத்துக்கோ ஐம்பத்தொன்பது. அரசு கால்நடை மருந்தகத்தில் ஆட்டையும் மாட்டையும் தொட்டுப் பார்த்தே ஓய்வு பெற்றவர், படம் பார்க்கப் படிக்க வந்திருந்தார். வந்த நாளிலிருந்து திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புது மாப்பிள்ளை தோற்றான்.

அன்று காலை செல்வசீலி தன் நாய் பஞ்சுவோடு வந்தாள். பஞ்சுவின் பால்மடியில் ஒரு கட்டி. நுரையீரலுக்குப் பரவாமல் இருந்தால் இன்றே அறுத்து எடுத்துவிடலாம். மார்பைப் படம் எடுத்தார்கள்.

பெனாசிர் உள்ளே ஒரு பூனைக்கு ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். நுரையீரலில் பட்டாணி அளவு வெள்ளைப் புள்ளி ஒன்றைக் கண்டதும் தங்கவேலாயுதம் நேராக வெளியே போய்ச் செல்வசீலியிடம் சொல்லிவிட்டார்.

பெனாசிர் திரும்பி வந்தார்.

“அந்தம்மா ஏன் அழுறாங்க?”

“பரவிடுச்சு மேடம். ஆபரேஷன் வேண்டாம்னுட்டேன். கஷ்டப்படாம போக ஊசி போட்டுடலாம்னு அவங்களும் சம்மதிச்சுட்டாங்க.”

பெனாசிர் படத்தைப் பார்த்தார். பஞ்சுவை உள்ளே கூட்டிவந்து படுக்கவைத்தார். படத்தில் பளிச்சென்று தெரிவதற்காகக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் மருந்தில் ஒரு துணித் துண்டை நனைத்து, மார்பு முடியை விலக்கி, ஒவ்வொரு காம்பிலும் ஒரு பொட்டு வைத்தார். எட்டுக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துத் தடித்த காம்புகள்.

“இன்னொரு படம் எடுங்க சார்.”

எடுத்தார். அந்தப் பட்டாணி இருந்த இடத்தில் காம்பில் வைத்த பொட்டு சுண்ணாம்பாகப் பளபளத்தது. புள்ளி காம்புதான்; நுரையீரலில் எதுவும் இல்லை.

தங்கவேலாயுதம் திரையை விட்டு மேசையைப் பார்த்தார். ஊசி மருந்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

“மேடம், நீங்களே போய்ச் சொல்லிடுங்களேன்.”

“முதல்ல சொன்னது நீங்கதானே சார்?”

போனார். தட்டுத்தடுமாறிச் சொன்னார். செல்வசீலி அவரைத் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“தப்பாத்தான் சொன்னியளா சார்? எனக்கு அது போதும்” என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அன்று அறுவை செய்ய முடியவில்லை. சாகப்போகிற நாய், கேட்டதைக் கொடுங்கள் என்று தங்கவேலாயுதம் முன்பு சொன்ன பேச்சை நம்பி, பஞ்சுவுக்கு இரண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்திருந்தாள். நிறைந்த வயிற்றில் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்று, மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

தங்கவேலாயுதம் வெகுநேரம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காம்பும் வட்டம், கட்டியும் வட்டம். ரெண்டும் வெள்ளை. முதல் படத்தை மட்டும் வச்சு எது எதுன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?”

“முடியாது சார். அதனாலதான் நாயையும் கூட்டிட்டு வரச் சொல்றோம்.”