ஊரறிந்த ரகசிய எண்

"செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும் மேடம். இது குற்றம்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்" என்றார் தலைமையாசிரியர் பிச்சாண்டி.

ஆய்வாளர் நசீமா நிமிரவில்லை. சிக்கு விழுந்த சார்ஜர் வயர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கணினிக் குற்றங்களைப் பற்றி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கக் காவல்துறை அவரை அனுப்பியிருந்தது. பயிற்சி அரங்கம் நிறைய ஆசிரியர்கள். பாதிப் பேர் மேடையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் சமோசா வரும் வாசலைப் பார்த்தார்கள்.

நசீமாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார், ஆனால் கேட்டவர் பதிலோடுதான் வீடு திரும்புவார் என்பார்கள்.

பிச்சாண்டிக்கு அந்தச் சுற்றுவழியெல்லாம் வேண்டாம். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர். அதற்குள் தன் மானத்தைக் கப்பலேற்றியவர்களைக் கரையேற விடக்கூடாது என்ற முடிவோடு வந்திருந்தார்.

"என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் நசீமா.

நடந்தது இதுதான். பெற்றோர்கள் இருக்கிற பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு, பிச்சாண்டியின் போனிலிருந்தே ஒரு செய்தி போயிருக்கிறது. 'நாளை பள்ளிக்கு விடுமுறை. தலைமையாசிரியருக்கு மனசு சரியில்லை.'

பெற்றோர்கள் கும்பிடு போட்டார்கள். சிலர் ரோஜாப்பூ அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், 'நிரந்தரமாகவா?' என்று கேட்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஆசிரியர்களிலும் இரண்டு பேர் வரவில்லை. உங்கள் உத்தரவை மதித்தோம் சார் என்றார்கள் பிறகு. வெளியிலிருந்து வந்த ஒரே ஆள் மாவட்டக் கல்வி அதிகாரி. முன்னறிவிப்பில்லாத ஆய்வுக்கு அவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

"போன் எங்க இருந்துச்சு?"

"எப்பவும் போல ஆபீஸ் மேசையில. சார்ஜ் ஏறிட்டு இருந்துச்சு. ஆனா லாக் போட்டிருக்கேன் மேடம். நான் அவ்வளவு விவரமில்லாத ஆள் இல்ல."

"செஞ்சது யாரு?"

"பன்னிரண்டாம் வகுப்புப் பொண்ணு. பவதாரணி."

"எப்படித் தெரியும்?"

பஸ்ஸில் வரும்போதே பிச்சாண்டி இந்தக் கேள்விக்கு ஒத்திகை பார்த்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போன மாசமே என்கிட்ட வந்து சொன்னா மேடம். 'சார், லாக் நம்பரைச் சத்தமா சொல்லாதீங்க. யாராவது உங்க பேர்ல ஏதாவது அனுப்பிடுவாங்க'ன்னு. சொன்ன மாதிரியே நடந்திருக்கு. நடக்கப்போறது அவளுக்கு எப்படி முன்னாடியே தெரியும்? செய்யப்போறவளுக்குத்தானே தெரியும்?"

ஆசிரியர் அறையில் இந்த வாதத்தை யாரும் மறுக்கவில்லை. உத்தரவை மதித்து வீட்டில் இருந்த இரண்டு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

நசீமா வயரை ஓரமாக வைத்தார். "அவளை என்ன பண்ணீங்க?"

வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். டி.சி. எழுதி முடித்துப் பையில் வைத்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில், நடத்தை சரியில்லை என்று எழுதிய டி.சி.யோடு வருகிற பெண்ணை எந்தப் பள்ளியும் சேர்க்காது. அவளுடைய படிப்பு அதோடு சரி. அது பிச்சாண்டிக்கும் தெரியும். அவள் அம்மா ஆபீஸ் வாசலில் வந்து பேசாமல் நின்றுவிட்டுப் போனதிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லை. காவல்துறை ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் இறங்கும் என்று நம்பினார்.

"பதில் சொல்றேன் சார். முதல்ல போய் வருகையைப் பதிவு பண்ணுங்க. போன்லதான் பண்ணணும்" என்றார் நசீமா.

பிச்சாண்டி நடு வரிசையில் போய் உட்கார்ந்தார். சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

பக்கத்தில் வேறொரு பள்ளியின் கணக்கு ஆசிரியை ஜெபராணி உட்கார்ந்திருந்தார். பிச்சாண்டி போனை அவரிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பதிவு பண்ணிக் கொடுங்க டீச்சர். எனக்கு எழுத்து தெரியல."

"லாக் ஆகியிருக்கே சார்."

"ஒன்பது, ரெண்டு, நாலு, ஒன்பது."

பிச்சாண்டியின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை வழிபாட்டுக்கு அவர் பள்ளியில் மைக் வாங்கியதே இல்லை. அவர் பேசினால் மைதானம் தாண்டி, ரோடு தாண்டி, பால் டிப்போவில் வரிசையில் நிற்பவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள்.

அரங்கத்தில் மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. ஜெபராணி ஏதோ ஓர் எண்ணை மாற்றி அழுத்திவிட்டார். பிச்சாண்டி மறுபடி சொன்னார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கேக்கல சார்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, கடைசி பெஞ்சிலிருந்து அந்த இரண்டு சொற்கள் வந்தால் என்ன செய்வாரோ அதைத்தான் பிச்சாண்டி செய்தார். எழுந்து நின்றார். பின் வரிசை பக்கம் திரும்பினார். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எண்ணுக்கும் விரலை ஆட்டி, அரங்கம் அதிரச் சொன்னார்.

"ஒன்பது. ரெண்டு. நாலு. ஒன்பது. இப்ப கேட்டுதா?"

"கேட்டுச்சு சார்" என்றார் பின் வரிசையில் நின்றுகொண்டிருந்த நசீமா.

பிச்சாண்டி திருப்தியோடு உட்கார்ந்தார். கேட்டது யார் என்பது அவர் மனதில் தைக்கவே இல்லை.

நசீமா மேடைக்கு வந்தார். பெரிய திரையை அணைக்கச் சொன்னார். கொண்டுவந்திருந்த மடிக்கணினியையும் மூடி வைத்தார்.

"பாடத்தை ஆரம்பிக்கலாம்" என்றார். "பிச்சாண்டி சாரோட லாக் நம்பர் என்ன?"

காலமெல்லாம் பிள்ளைகளை ஒரே குரலில் சொல்ல வைத்துப் பழகியவர்கள். யோசிக்காமல் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஒன்பது, ரெண்டு, நாலு, ஒன்பது."

சமோசா தட்டோடு உள்ளே நுழைந்தவரும் கடைசி எண்ணில் சேர்ந்துகொண்டார்.

அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. பிச்சாண்டி சிரிக்கவில்லை. பள்ளியில் யாருக்கெல்லாம் அந்த எண் தெரியும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். பி.டி. சார், ஒன்பதாம் வகுப்பு முழுக்க, சத்துணவுக் கூடம், பால் டிப்போ. தெரியாதவர்களை எண்ணுவது சுலபமாக இருந்தது. மனைவிக்கு மட்டும் தெரியாது. வீட்டில் அவர் சத்தமாகப் பேசுவதில்லை.

நசீமா மேடையிலிருந்து இறங்கி அவர் அருகே வந்தார்.

"அப்போ... செஞ்சது யாரு மேடம்?" என்று கேட்டார் பிச்சாண்டி. அவர் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

நசீமா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சார், லாக் நம்பரைச் சத்தமா சொல்லாதீங்க. யாராவது உங்க பேர்ல ஏதாவது அனுப்பிடுவாங்க."

பிறகு கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு டி.சி. எழுதிக் கொடுங்க."

பிச்சாண்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் திறந்தார். உள்ளே இருந்த டி.சி.யை எடுத்து நான்காகக் கிழித்தார். கிழித்தும் மனசு ஆறாமல் இன்னும் பொடியாகக் கிழித்தார்.

டீ இடைவேளையில் ஜெபராணி டீச்சரின் கண்ணாடியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வராந்தா மூலைக்குப் போனார். சுவரைப் பார்த்துத் திரும்பி, போனைக் கையால் பொத்தி, தானே லாக் நம்பரை மாற்றினார். வாய் திறக்கவில்லை. உதடுகூட அசையாமல் பார்த்துக்கொண்டார். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

பிறகு பவதாரணியின் அம்மா போனுக்கு அழைத்தார். பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார்.

"சார்" என்றது பயந்த குரல்.

"தப்பு என்னோடதும்மா."



"அப்போ நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வரலாமா சார்?"

 இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு வராமல் நிறுத்தினோமே என்று பிச்சாண்டிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. வா தாயி, காலையில் முதல் ஆளாக வா என்றார். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் மனம் குளிர ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"நீ சொன்னபடியே நம்பரை மாத்திட்டேம்மா. இனிமே ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்றேன். புது நம்பர் என்னன்னா..."

பவதாரணி போனை வைத்துவிட்டாள்.