தோணி ஏறிய உப்பு வியாபாரி

உப்பைக் கழுதை சுமக்க, ஊரை ஒரு ராசா சுமந்த காலம். கேளுங்கள், அந்தக் காலத்தில் மலையடிவாரத்தில் அங்கண்ணன் என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தான். ஒற்றைக் கழுதையோடு தொடங்கி, ஒரு கழுதைக் கூட்டத்துக்கே சொந்தக்காரன் ஆனவன். அத்தனையும் வாயால் சம்பாதித்தது. பேரத்துக்கு அவன் எதிரில் உட்கார்ந்தவன் தொண்டை வறண்டு எழுந்து போவான். அங்கண்ணனுக்குத் தொண்டை வறண்டதே கிடையாது.

அந்த வாய் சம்பாதித்ததும் உண்டு, தொலைத்ததும் உண்டு. மகள் பூவாத்தாளுக்கு வந்த முதல் சம்பந்தம், "வெற்றிலைக் கட்டு ஏன் இப்படி இளைச்சிருக்கு?" என்று அவன் கேட்டதில் உடைந்தது. இரண்டாவது, பந்தலை யார் வாசலில் போடுவது என்ற சண்டையில் உடைந்தது. மூன்றாவது, மலைமேல் இருக்கும் சின்ன ஏரிக்கரையிலிருந்து வந்தது. சந்தையில் பையனைப் பார்த்திருந்த பூவாத்தாளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

"அப்பா, இதையும் நீங்க பேசிக் கெடுத்தீங்கன்னா, நான் கழுதைக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கிழவியாயிருவேன்" என்றாள்.

"நான் என்னம்மா பேசறேன்? நியாயத்தைத்தானே பேசறேன்!"

"அதைத்தான் பேசாதீங்கங்கறேன்."

அந்த ஏரிக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பனி விலகி, தண்ணீரில் வெயில் தட்டும் முதல் நாளில் பெண்ணைப் பெற்றவனும் பையனைப் பெற்றவனும் ஒரே தோணியில் மீனுக்குப் போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒரு மீனோடு கரையேறினால், இரண்டு வீடும் அதைச் சமைத்துச் சாப்பிடும், சம்பந்தம் உறுதி. வெறுங்கையோடு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. இன்னொன்றும் உண்டு. மீன் கிடக்கும் தோணியில் யார் வாய் திறந்தாலும், அந்த மீனை ஏரிக்கே விட்டுவிட வேண்டும்.

பையனின் அப்பன் சடையன் துடுப்போடு காத்திருந்தான். மரத்தைக் குடைந்து செய்த தோணி. அங்கண்ணன் ஏறினதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மனசில்லாமல் நிமிர்ந்தது.

முதல் மீன் சீக்கிரமே மாட்டியது. முழங்கை நீளக் கெண்டை.

"அடேயப்பா! பாத்தீங்களா சம்பந்தி, என் கைராசியை!"

சடையன் துடுப்பைக் கீழே வைத்தான். மீனைத் தூக்கினான். ஏரியில் விட்டான்.

இரண்டாவது மீன் மாட்டியபோது அங்கண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சடையன் தோணியைத் திருப்பினான். கரை ஒரு பக்கம் இருக்க, தோணி வேறு பக்கம் போயிற்று. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் பொறுப்பான்?

"ஏனுங்க, கரை அங்கே இருக்கு, எங்கே போறீங்க?"

தண்ணீருக்கடியில் கிடந்த பாறையைச் சடையன் துடுப்பால் தட்டிக் காட்டினான். பிறகு மீனைத் தூக்கினான். ஏரியில் விட்டான்.

"கேள்வி கேட்டாலுமா? கேள்வி பேச்சுல சேராதுங்க! சரி, பாதி மீனையாவது விட்டுக் குடுத்திருக்கலாமில்ல?"

இப்போது தோணியில் மீன் இல்லை, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். அங்கண்ணன் கத்தினான். ஏரியோடு பேரம் பேசி யார் ஜெயித்தது?

மூன்றாவதாகக் கெளுத்தி வந்தது. மாட்டினதுமே அங்கண்ணன் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டான். கண் பிதுங்கியது. ஆனாலும் சத்தம் இல்லை. கரை கிட்டே வந்தது. அப்போது கெளுத்தி ஒரு துள்ளுத் துள்ளி, தன் முள்ளைச் சடையனின் கெண்டைக்காலில் ஏற்றியது.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

சுற்றியிருந்த மலைகள் அதை வாங்கித் திரும்பத் திரும்பச் சொல்லின.

சடையன் முகம் செத்துப்போயிற்று. ஆனால் நேர்மையான ஆள். மீனைத் தூக்கினான். ஏரியில் விட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது அங்கண்ணன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தோணியில் மீன் இல்லை, தண்டனையும் இல்லை. 'என் ஒரு சொல்லுக்கு ஒரு மீன் போச்சு. நீ மூணு சொல் சொல்லியிருக்கே!' என்று ஒரு பேச்சு. 'ஊருக்குத்தான் சட்டமா?' என்று ஒரு பேச்சு. 'எங்கே, என் ரெண்டு மீனையும் எடு!' என்று ஒரு பேச்சு. இவ்வளவு கொழுத்த நியாயம் வாழ்நாளில் அவன் கையில் கிடைத்ததே இல்லை. மூன்றும் தொண்டைக்குழியில் முட்டி மோதின.

வெயில் மலைமுகட்டைத் தொட்டுவிட்டது. சடையன் காலில் ரத்தம் வழிந்தது. அவன் உதடு நடுங்குவதையும் அங்கண்ணன் பார்த்தான்.

வாயிலிருந்த துண்டை உருவினான். அதைக் கிழித்துச் சடையன் காலில் கட்டினான். தூண்டிலில் புழுவைக் கோத்து அவன் கையில் கொடுத்தான். துடுப்பைத் தான் எடுத்துக்கொண்டு, பாறையை விட்டு ஒதுங்கிப் பேசாமல் வலித்தான்.

பொழுது விழும் நேரத்தில் சடையன் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும் இருவரும் மூச்சுவிடவில்லை.

கரையில் ஊரே நின்றது. மீனைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு.

"நாளெல்லாம் கிடந்து இதுதானா?" என்றாள், அப்பனோடு மலையேறி வந்திருந்த பூவாத்தாள். "மத்த மீனெல்லாம் யார் வாயால போச்சு?"

"வேற யார் வாயாலே? எல்லாம் என் வாயாலதான்" என்றான் அங்கண்ணன்.

"பொய்!" என்று சடையன் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தான். "மூணாவது மீன் என்னாலே போனது. நான் கத்தினது இங்கே கேக்கலையா?"

"அது நீங்களா? காட்டெருமைன்னில்ல நாங்க ஓடி ஒளிஞ்சோம்!" என்றது கூட்டம்.

அன்றைக்கு அந்தக் குட்டி மீனைப் பெரிய பானை நிறையத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். ஆளுக்கு ஒரு அகப்பை குழம்பு கிடைத்தது; மீன் யாருக்குக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. பெண் கொடுக்கல் வாங்கல் பேச உட்கார்ந்தபோது, "உங்க மனசு போல, சம்பந்தி" என்று சடையன் சொன்னான். "இல்லைங்க, உங்க மனசு போல" என்று அங்கண்ணன் சொன்னான். பூவாத்தாள் தன் அப்பனுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்தவன் தவறி நிற்கும் நேரத்தில், நியாயம் தன் பக்கம் இருந்தாலும் அதைச் சொல்லிக் குத்தாமல் வாயை அடக்குகிறவனுக்கே உறவு நிலைக்கும்.