காத்தாயி கடித்த கழுத்து

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கெல்லாம் பேசும் வாய் இருந்தபோது, தெர்மாமீட்டருக்குள் இருந்த பாதரசத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். வாயில் வைத்தால் ஏறும். வெளியே எடுத்ததும் சர்ரென்று இறங்கிவிடும்.

சிங்கராஜாவின் காட்டில் மழைக்கு முன்னால் எல்லாரும் உப்பு மூட்டை சுமக்க வேண்டும். காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் விலக்கு. காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்வது கரடி வைத்தியர்.

காத்தாயி என்ற கழுதை, உடம்பு அனலாகக் கொதித்த தன் குட்டி செவலையைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனாள். வைத்தியர் அவன் நாக்கின் கீழே தெர்மாமீட்டரை வைத்தார், எடுத்தார். உடனே பார்த்தாரா? அதுதான் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடினார், துடைத்தார், வாசலில் போன மானிடம் நலம் விசாரித்தார். அதற்குள் பாதரசம் அடியில் போய்ப் படுத்துவிட்டது.

“காய்ச்சலே இல்லையே.”

“தொட்டுப் பாருங்க ஐயா, சுடுது!”

தொடுவதற்கு அந்தப் பெரிய மனிதருக்குக் கை நீளவில்லை. அக்குளில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் அதே கூத்து.

“நடிக்கிறான். மூட்டையைத் தூக்கச் சொல்லு.”

இது நியாயமா? கொஞ்ச தூரம் போனதுமே செவலை கால் மடங்கி விழுந்தான். முதுகில் இருந்த மூட்டையை இறக்க ஒருவரும் வரவில்லை. அதற்கும் வைத்தியர் உத்தரவு வேண்டுமாம்!

காத்தாயிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெர்மாமீட்டரைப் பிடுங்கி வந்து குட்டியின் வாயில் வைத்தாள். பாதரசம் உச்சிக்கு ஏறியது. எடுத்ததும் இறங்கப் பார்த்தது. அடிக்குமிழுக்குச் சற்று மேலே, குழாயின் கழுத்தைப் பல்லால் நறுக்கென்று கடித்தாள். கண்ணாடி உடையவில்லை, ஒடுங்கிப்போனது. பாதரசம் மேலேயே மாட்டிக்கொண்டது.

“வெளியே குளிருது தாயே, நான் எப்படி இறங்குறது?” என்று அழுதது.

“பார்க்க வேண்டியவர் பார்க்கட்டும். அப்புறம் உதறிவிடுவாங்க, இறங்கு. உதறுற கை கொஞ்சம் நோகட்டும்!”

தெர்மாமீட்டரோடு ஓடிப்போய், அதை வைத்தியரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “கண்ணாடியை நல்லாத் துடைங்க ஐயா. எனக்கு அவசரமில்லை.”

துடைத்தார். பார்த்தார். பாதரசம் அசையவில்லை.

“மூட்டையை இறக்குங்க” என்றார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அன்று முதல்தான், வெளியே எடுத்த பிறகும் பாதரசம் ஏறின இடத்திலேயே நிற்கிறது. எவ்வளவு பெரிய வைத்தியரானாலும் அடுத்தவர் வாயில் வைக்குமுன் கை நோக உதறுகிறார்.